பிடிக்கிற கை எந்த ஷிப்டில் இருக்கிறது?

தை மாதம் நெருங்க நெருங்க, சென்னையிலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையோடு வாலாஜாபாத் சாலை வந்து கூடுகிற சுங்குவார்சத்திரத்தில், டீக்கடை வாசலிலும், கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் கூட்டத்திலும், இரவு வேலை முடிந்து தூக்கக் கலக்கத்தோடு இறங்குகிற இளைஞர்களிடையிலும் தவறாமல் எழுகிற சர்ச்சை ஒன்று உண்டு: பொங்கலை ஒட்டிச் சுற்றுவட்டாரத்தில் நடக்கும் மின்னொளி கபடிப் போட்டிகளில் இவ்வருஷம் கோப்பை யாருக்கு என்பது. 'அந்த அணியில் பாடுகிறவன் யார்? இந்த அணியில் பாடுகிறவன் யார்?' என்று ஆரம்பமாகும் அந்தச் சர்ச்சை, பாடுகிற இருவரின் கால் வேகத்தையும் போன வருஷப் புள்ளிகளையும் பிரஸ்தாபித்துவிட்டு அங்கேயே முடிந்தும்விடுகிறது. எதிரே நின்று பிடிக்கப்போகிற ஏழு பேரைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. ஒரு பெரிய ஆட்டத்தின் முடிவை முன்கூட்டி ஊகிக்க விரும்புகிறவர் முதலில் ஆராய வேண்டியது அந்த ஏழு பேரைத்தான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அமெரிக்கக் கல்லூரிகள் ஆடும் கால்பந்தில் தற்காப்புக்கென்றே பதினொருவர் தனியாக இறங்குகிறார்கள். ஆகையால், 1897 முதல் ஒன்றோடொன்று மோதிவரும் மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணிகளின் ஆட்டம் நவம்பரில் நெருங்கும்போது, இரண்டு தற்காப்புப் படைகளையும் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டு எழுதுவது அந்நாட்டுப் பத்திரிகைகளின் சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. கபடியிலோ பாடுகிறவனும் பிடிக்கிறவனும் ஒரே ஏழு பேருக்குள் கலந்து நிற்பதால், பாடுகிறவனே அணி என்ற மயக்கம் ரசிகர்களுக்கு எளிதில் உண்டாகிறது.

அந்த மயக்கத்தைத் தெளிவிக்கப் புரோ கபடியில் சமீபத்திய உதாரணம் இருக்கிறது. 2024 டிசம்பர் 29-ஆம் தேதி புனேயில் நடந்த இறுதியாட்டத்தில் பாட்னா பைரேட்ஸும் ஹரியானா ஸ்டீலர்ஸும் மோதின. பாட்னாவின் தேவாங்க் அப்பருவத்தில் பாடி எடுத்த புள்ளிகள் மட்டும் 301. அவருக்குத் துணையாக அயான் என்ற மற்றோர் இளைஞரும் பருவம் முழுவதும் அள்ளிக்கொண்டிருந்தார். ஹரியானாவிடம் அப்படிப்பட்ட ஜோடி இல்லை. அதனிடம் இருந்தவை இடது மூலையில் ஈரானியரான முகமது ரேஸா ஷாட்லூயி, வலது மூலையில் ராகுல் சேத்பால், மூலைகளுக்கு அடுத்த கவர் இடங்களில் ஜெய்தீப், சஞ்சய் என்ற கைகள். ஆட்டம் முடிந்தபோது ஹரியானா 32, பாட்னா 23. தேசத்திலேயே அதிகப் புள்ளி எடுத்த பாட்டு, இறுதி நாளில் இருபத்துமூன்றைத் தாண்டவில்லை.

நம்முடைய தமிழ் தலைவாஸின் சரித்திரமும் இதையே சொல்கிறது. அஜய் தாக்குர், ராகுல் சௌத்ரி, மன்ஜீத் சில்லர் முதலிய பிரசித்தி பெற்ற வீரர்களையெல்லாம் ஒருங்கே சேர்த்துக்கொண்டு இறங்கிய 2019-இல் அவ்வணி பட்டியலின் கடைசியில் கிடந்தது. 2022-இல் 2.26 கோடி ரூபாய்க்கு வாங்கப்பட்ட பவன் செராவத், முதல் ஆட்டத்திலேயே காயமுற்று அப்பருவம் முழுவதும் வெளியில் உட்கார நேர்ந்தது. இனி என்ன என்று எல்லோரும் கைவிட்டிருந்த நிலையில், அதே அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போய், புனேரி பல்டனிடம் 37-39 என்ற கணக்கில்தான் தோற்றது. நரேந்தர் என்ற புதிய இளைஞர் பாடிப் புள்ளி சேர்த்தார் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சாகர், சாஹில், மோஹித், ஹிமான்ஷு, நம் அபிஷேக் ஆகிய பிடிவீரர்கள் அதற்கு முந்தைய பருவத்திலும் இதே அணியில் சேர்ந்து நின்று பழகியவர்கள் என்பதைச் சொல்லாமல் அந்த முன்னேற்றத்துக்குக் காரணம் சொல்ல முடியாது.

பாட்டு என்பது ஒருவனுடைய வித்தை. நல்ல காலும் மூச்சும் துணிச்சலும் உள்ள ஒருவன் விடியற்காலையில் ஏரிக்கரையில் தனியே ஓடியும், வீட்டு முற்றத்தில் ஒரு கோட்டைக் கீறிக்கொண்டு திரும்பித் திரும்பிப் பாய்ந்தும் பாதிப் பயிற்சியை முடித்துக்கொள்ளலாம். பிடி அப்படியன்று. பாடி வருகிறவன் நடுக்கோட்டிலிருந்து மூன்றே முக்கால் மீட்டரில் இருக்கும் பாக் கோட்டைத் தொட்டுவிட்டு, அதற்கு ஒரு மீட்டர் அப்பால் உள்ள போனஸ் கோட்டை நோக்கி இடது காலை நீட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்கால் தரையைவிட்டு எழும்பியிருக்க வேண்டும். முன்கால் கோட்டைத் தாண்டிப் பதிய வேண்டும். அந்த அரை விநாடியில்தான் அவன் ஒற்றைக் காலில் நிற்கிறான். மூலையில் குனிந்திருப்பவன் அந்தக் கணத்தில் முழங்காலை மண்ணில் ஊன்றி, இரண்டு கைகளாலும் கணுக்காலைக் கவ்வுகிறான். பார்ப்பவர் கைதட்டுவது அவனுக்கு. புள்ளிப் பட்டியலில் பெயர் ஏறுவதும் அவனுக்கு. உண்மையில் அப்பிடி நிலைத்ததற்குக் காரணம், அவன் பாய்வதற்கு முன்பே, பாய்வான் என்று தெரிந்து, பக்கத்தில் நின்ற கவர்க்காரன் தன் கையை விடுவித்துக்கொண்டு இடுப்பின் மேல் விழுந்து, நடுக்கோட்டுக்குப் போகும் வழியை அடைத்ததுதான். கவர்க்காரன் ஒரு விநாடி தாமதித்தால் கணுக்காலைப் பிடித்தவனையும் இழுத்துக்கொண்டு பாடுகிறவன் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். ஒரு புள்ளி கிடைக்க வேண்டிய இடத்தில் ஆள் போகும். கவர்க்காரனின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறாது.

ஆகவே, பிடிப் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து இரண்டு தற்காப்புகளை ஒப்பிடுவதும் முழுமையான கணக்கன்று. அடிக்கடி அவசரப்பட்டுப் பாய்கிற மூலைக்காரன் நாலு பிடித்து ஆறு பேரைத் தொலைத்திருப்பான். நிதானமாக நின்று எதிரியை வெறுங்கையோடு திருப்பியனுப்புகிற அணிக்கோ பட்டியலில் ஒன்றுமே காணப்படாது. எத்தனை ரெய்டுகள் சும்மா திரும்பின, மூன்றாவதான சாவா வாழ்வா ரெய்டுக்கு எதிராளி எத்தனை முறை தள்ளப்பட்டான், மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சியபோது சூப்பர் டேக்கிளுக்கு எத்தனை முறை துணிந்து ஜெயித்தார்கள் என்ற இம்மூன்றையும் ஒரு பையனிடம் காகிதமும் பென்சிலும் கொடுத்துக் குறிக்கச் சொன்னால், நமது உள்ளூர்ப் போட்டிகளிலேயே பல மாயைகள் கலைந்துபோகும்.

பட்டியலில் ஏறாத இந்தக் கூட்டுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2016-இல் பாட்னா கோப்பையை வென்ற ஒரு பருவத்தில், அதன் ஒரு மூலையில் தஞ்சை மாவட்டத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன் தலைவராக நின்றார். மறு மூலையில் ஈரானின் ஃபசல் அட்ராசலி. நாற்பதைக் கடந்துவிட்ட ஒருவரும் இருபதுகளின் நடுவில் இருந்த ஒருவரும், தாய்மொழி வேறு, தேசம் வேறு; இருப்பினும் ஒருவர் நகரும்போது மற்றவர் எவ்வளவு நகர வேண்டும் என்பதில் அவர்களுக்குள் வார்த்தை தேவைப்படவில்லை. அது பிறவிச் சாமர்த்தியத்தால் வந்ததன்று. கூட நின்று பழகியதால் வந்தது.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். இறுதியாட்டத்துக்கு வந்து நிற்பவற்றில் ஒன்று கல்லூரி அணி, மற்றது கம்பெனிகளில் வேலை பார்க்கும் பையன்களின் அணி என்று வைத்துக்கொண்டால், உடற்பலத்தில் பின்னவர்களே மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெரம்பலூர், அரியலூர், திருவாரூர், புதுக்கோட்டை என்று பல திசைகளிலிருந்து பிழைப்புக்காக வந்து, ஊர்மண்ணில் கற்ற ஆட்டத்தை மறவாதவர்கள் அவர்கள். மண் தரையில் முழங்கால் தேய்ந்து பழகியவன் பாய்வதற்கு அஞ்சுவதில்லை. ரப்பர் விரிப்பில் மட்டும் பழகிய கல்லூரி மாணவன் முதல் பத்து நிமிஷம் தயங்குகிறான். ஆனால் கல்லூரிக்காரர்களுக்குக் காலையிலும் மாலையிலும், உடற்கல்வி ஆசிரியரின் விசில் சத்தத்துக்கு ஏழு பேரும் ஒரே மைதானத்தில் வந்து நிற்கிற பாக்கியம் இருக்கிறது. கம்பெனிப் பையன்களிலோ இடது மூலைக்காரன் ஏ ஷிப்ட், அவனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய கவர் சி ஷிப்ட். வாரம் திரும்பினால் ஷிப்டும் திரும்புகிறது. இவன் தூங்கப் போகும்போது அவன் பஸ் ஏறுகிறான். ஏழு பேரும் ஒன்றாகக் கூடுவது போட்டி நாளன்று, உடை மாற்றும் பந்தலில்தான். அத்தகைய அணியில் பாட்டு பிரமாதமாக இருக்கும். முதல் பாதியில் முன்னிலையும் பெறும். இரண்டாம் பாதியில் சங்கிலி அறுந்து, ஒருவன் பாய மற்றவன் பார்த்துக்கொண்டு நிற்க, ஏழு பேரும் வெளியேறி லோனா விழும். கல்லூரி அணிக்குத்தான் கோப்பை என்று நான் சொல்வதற்கு இதைத் தவிர வேறு காரணமில்லை.

மகளிர் விஷயத்தில் நிலைமை வேறு விதமாக இருக்கக்கூடும் என்றும் தோன்றுகிறது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தொழிலாளர் விடுதியில் 18,720 பெண்கள் தங்க இடமுண்டு. ஒரே வளாகத்தில் வசிக்கிறவர்களில் கபடி தெரிந்த பெண்கள் இருபது பேரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினமன்று. கண்ணகி நகர் கார்த்திகா 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியின் கபடித் தங்கத்தோடு திரும்பிய பிறகு, ஆர்வத்துக்கும் குறைவிராது.

கம்பெனி நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். கபடிக்கென்று பனியன் தைத்துக் கொடுக்கிறீர்கள். பரிசுத் தொகைக்கும் பந்தலுக்கும் தாராளமாகக் கொடுக்கிறீர்கள். அவற்றில் பாதியைக் குறைத்துக்கொண்டாலும் பாதகமில்லை. மார்கழி முதல் தேதியிலிருந்து பொங்கல் முடியும்வரை, அணியில் உள்ள பத்துப் பன்னிரண்டு பேரை, ஒப்பந்தத் தொழிலாளர் என்றும் நிரந்தரத் தொழிலாளர் என்றும் பேதம் பாராமல், ஒரே ஷிப்டில் போடுங்கள். போட்டி நடத்தும் ஊர்ப் பெரியவர்களும் இளைஞர் மன்றத்தாரும், சிறந்த பாட்டுக்குச் சைக்கிளும் சிறந்த பிடிக்குச் சில்வர் குடமும் கொடுக்கிற பழக்கத்தை இவ்வருஷமாவது மாற்றி, இரண்டுக்கும் சைக்கிளே கொடுங்கள்.