ரம்பம் பிடிக்கும் கைக்குச் சான்று வேண்டும்

சித்திரை பிறந்துவிட்டால் கல்கத்தாவில் வெயிலோடு காலபைசாகியும் வந்துவிடும். மாலையில் வடமேற்கே வானம் கறுக்கும். அரை மணி நேரம் புழுதியும் மழையுமாகச் சுழன்றடித்துவிட்டு ஓய்ந்துவிடும். மறுநாள் காலையில் டயமண்ட் ஹார்பர் சாலையிலோ அலிப்பூர்ப் பக்கத்திலோ ஒரு தூங்குமூஞ்சி மரம் குறுக்கே விழுந்து கிடக்கும். பஸ் நின்றுவிடும். ஆபீசுக்கு நேரமாகிறதே என்று நாம் தவித்துக்கொண்டிருக்கும்போது, இரண்டு மூன்று பேர் மரம் அறுக்கும் மிஷினுடன் வந்து இறங்குவார்கள். சிறிது நேரத்தில் வழி பிறக்கும். நாம் பஸ் ஏறிப் போய்விடுவோம்.

அந்த மிஷினைப் பிடித்திருந்த ஆளை நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருப்போம்? காலில் ரப்பர் செருப்பு, மடித்துக் கட்டிய லுங்கி, தலையில் ஒரு துண்டு. கண்ணுக்குக் கண்ணாடி கிடையாது, காதுக்கு அடைப்பான் கிடையாது. யாரிடம் தொழில் கற்றாய் என்று கேட்டால், "பார்த்துப் பழகியதுதான்" என்பார். முந்தாநாள்வரை மூட்டை தூக்கியவராகவும் இருக்கலாம். சர்தார் கூப்பிட்டார், கூலி கொஞ்சம் கூட என்றார், வந்துவிட்டார். கிடர்பூரில் நம்மவர்களிலும் இப்படிப் போகிறவர்கள் உண்டு. ஆகவே இதை யாரோ ஒருவரின் பிரச்னை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

2020 மே 20ஆம் தேதி அம்பன் புயல் அடித்ததை இந்த நகரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே இரவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்தன. மறுநாள் மாநிலத்தில் 72 பேர் இறந்ததாக முதலமைச்சர் அறிவித்தார். அவர்களில் பெரும்பாலோர் மரம் விழுந்தோ மின்சாரம் தாக்கியோ மாண்டவர்கள். பல வட்டாரங்களில் நாள் கணக்கில் மின்சாரமும் தண்ணீரும் இல்லை. மக்கள் தெருவில் இறங்கி மறியல் செய்தார்கள். மே 23ஆம் தேதி மாநில அரசு ராணுவத்தை அழைத்தது. ஆட்களும் கருவிகளும் தந்து உதவும்படி ரயில்வேயையும் துறைமுகத்தையும் தனியார் நிறுவனங்களையும் கேட்டுக்கொண்டது. ஒடிசாவிலிருந்து பேரிடர் படையும் தீயணைப்பு வீரர்களும் வந்து மரம் அறுத்தார்கள்.

பக்கத்து மாநிலத்துக்கு மட்டும் பயிற்சி பெற்ற ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? 1999 அக்டோபரில் வந்த பெரும்புயலில் ஒடிசா ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறிகொடுத்தது. அந்தப் பாடத்தைக் கற்று 2001இல் தனக்கென ஒரு பேரிடர் படையை அமைத்துக்கொண்டது. மரம் அறுக்கும் மிஷினைக் கையாளுவது அந்தப் படையினருக்குத் தொழில். நமக்கோ அது ஆபத்துக் காலத்தில் அகப்பட்டவர் கையில் கொடுத்து அனுப்பும் வேலையாக இருக்கிறது.

இந்த மிஷின் சாதாரணக் கருவி அல்ல. முழு வேகத்தில் அதன் சங்கிலி விநாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் ஓடுகிறது. தகட்டு நுனியின் மேற்பக்கம் ஒரு சிறு கிளையில் பட்டால் போதும், மிஷின் பிடித்திருப்பவர் முகத்தை நோக்கி எகிறும். கையை எடுக்க அவகாசம் இராது. அதற்காகவே கைப்பிடிக்கு முன்னால் ஒரு பிரேக் வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரேக் பிடிக்கிறதா என்று வேலை தொடங்குமுன் ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது. ஏணியில் நின்று அறுக்கக் கூடாது. காலுக்கென்று நீண்ட இழைகளை அடுக்கித் தைத்த உடை இருக்கிறது. சங்கிலி அதில் பட்டால் இழைகள் சிக்கி, சங்கிலி நின்றுவிடும். தொடையைக் காப்பாற்றும் இந்த உடையைப் பார்த்தே இராதவர்கள்தான் நம் தெருக்களில் மரம் அறுக்கிறார்கள்.

நிற்கும் மரத்தைவிட விழுந்த மரம் பொல்லாதது. வளைந்து கிடக்கும் கிளை, நாண் ஏற்றிய வில்லைப் போல விறைத்திருக்கும். ஒரு பக்கம் அறுத்தால் ரம்பம் இறுகிச் சிக்கிக்கொள்ளும். மறுபக்கம் அறுத்தால் கிளை பிளந்து ஆளை அடிக்கும். எந்தப் பக்கம் முதலில், எவ்வளவு ஆழம் என்பது சொல்லித் தந்தால்தான் தெரியும். வேரோடு சாய்ந்த மரத்தின் அடியை அறுத்ததும், வேரும் மண்ணுமாக நிற்கும் அடிப்பகுதி சடக்கென்று பழைய குழியிலேயே போய் உட்காரும். அந்தக் குழியில் ஒரு பையன் நின்று வேடிக்கை பார்த்தால் அவன் கதி என்ன? இலைகளுக்குள் மறைந்து கிடக்கும் மின்கம்பியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது? மேற்கு வங்கத்தில் காடல்லாத பகுதிகளின் மரங்களைக் காக்க 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் மரத்தை வெட்டினால் தண்டனை உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் மரத்துக்காக அனுமதி கேட்கும் சர்க்கார், அதை அறுக்கும் மனிதனுக்குத் தொழில் தெரியுமா என்று கேட்பதில்லை. கடையில் பணத்தைக் கட்டினால் மிஷின் கிடைக்கிறது. தொழிலாளர் பாதுகாப்புக்கென 2020இல் இயற்றி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொகுப்புச் சட்டமும் பொதுவாகப் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கானது. மரம் அறுக்க வருவதோ மூன்று பேர், நான்கு பேர்.

ரயில்வேயில் இருக்கிறவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். தண்டவாளத்தின்மேல் ஆட்கள் தள்ளிக்கொண்டு போகும் டிராலி வண்டியைக்கூட, தகுதிச் சான்று பெற்றவர் பொறுப்பில்லாமல் வைக்கக் கூடாது என்பது விதி. கையால் தள்ளும் வண்டிக்கே இத்தனை கண்டிப்பு என்றால், கையையே துண்டிக்கக்கூடிய மிஷினுக்கு ஒரு சிறு சான்றாவது வேண்டாமா?

மற்ற நாடுகளில் இரண்டு வழிகளைப் பார்க்கிறோம். பிலிப்பைன்ஸ் நாடு 2002இல் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றி, அனுமதியின்றி இந்த ரம்பத்தை வாங்குவதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. இலங்கை 2019இல் இந்த மிஷின்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. இவை காட்டைக் காக்க மிஷினைக் கணக்கெடுக்கும் வழி. பிரிட்டனில் கடையில் யாரும் மிஷினை வாங்கலாம். ஆனால் 1998ஆம் ஆண்டின் விதிகளின்படி, கூலிக்கு அதைப் பிடிப்பவருக்கு முதலாளி பயிற்சி அளித்திருக்க வேண்டும். மர வேலைக்குப் பொதுவாகத் தேர்ச்சிச் சான்றும் வேண்டும். இது ஆளைக் காக்கும் வழி.

நமக்கு இரண்டாவது வழியே ஏற்றது என்பது நமது கருத்து. 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைப் புரட்டிப் போட்டபோது, விழுந்த தென்னையை அப்புறப்படுத்த இந்த மிஷின்களே கைகொடுத்தன. வாங்குவதற்கே லைசென்ஸ் என்று வைத்தால், நொந்து கிடக்கும் விவசாயியும் கடன் வாங்கி மிஷின் வாங்கிய தொழிலாளியும் ஆபீஸ் ஆபீசாக அலைய நேரிடும். மேஜைக்கு அடியில் கை நீட்டுபவர்களுக்கு இன்னொரு வழி திறந்துவிட்டதாக ஆகும்.

சான்று என்றாலும் இதே அபாயம் உண்டு என்று சிலர் சொல்லக்கூடும். நியாயமான பயம்தான். மோட்டார் ஓட்டத் தெரியாமலே லைசென்ஸ் வாங்கியவர்களை நாம் அறிவோம். ஆகவேதான் எழுத்துப் பரீட்சை வேண்டாம், விழுந்த மரத்தின்மேல் செய்து காட்டட்டும் என்கிறோம். பயிற்சி இலவசமாக இருக்க வேண்டும். பயிற்சி நாட்களுக்குக் கூலியும் தர வேண்டும், இல்லையென்றால் அன்றாடம் காய்ச்சி எவனும் வரமாட்டான். வங்காளியோடு இந்தி, உருது, தெலுங்கு, தமிழ், ஒடியா மொழிகளிலும் சொல்லித் தர வேண்டும். கிடர்பூரில் ஒரு தெருவுக்குள்ளேயே இத்தனை மொழிகளும் கேட்கின்றன. அனுபவத்தால் தொழில் கற்றவர்களைச் சோதித்துச் சான்று வழங்கும் ஏற்பாடு, 2015இல் தொடங்கிய மத்திய அரசின் திறன் வளர்ச்சித் திட்டத்தில் முன்பே இடம் பெற்ற ஒன்றுதான். அதைப் பின்பற்றலாம். சான்று தொழிலாளியின் பெயரில், அவர் கையிலேயே இருக்க வேண்டும். கான்டிராக்டர் பெட்டியில் பூட்டி வைக்கும் காகிதமாக ஆகிவிடக் கூடாது.

இதற்கெல்லாம் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த நகரத்தில் மரம் அறுக்கும் வேலையைப் பெரும்பாலும் கொடுப்பவர்கள் மாநகராட்சியும் பொதுப்பணித் துறையும் துறைமுகமும் ரயில்வேயும்தான். அவர்களுடைய டெண்டர் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: சான்று இல்லாதவர் மிஷினைப் பிடித்தால், தலைக்கவசமும் கால் உடையும் இல்லாமல் வேலை நடந்தால், பில் பாஸ் ஆகாது. பணம் நிற்கும் என்றால் கான்டிராக்டர் தானாகவே ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்புவார். மிஷின் விற்கும் கடைக்காரரும் கூடவே பாதுகாப்புச் சாமான்களைக் கொடுத்து, ஒரு முறையாவது இயக்கிக் காட்ட வேண்டும் என்று அரசு உத்தரவிடலாம்.

நம் தொழிலாளத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கூலி கூட என்பதற்காகத் தெரியாத மிஷினைத் தொடாதீர்கள். கரண்டு நிறுத்தியாகிவிட்டதா என்று கேட்காமல் மரத்தில் கை வைக்காதீர்கள். ஊரிலிருந்து வந்தது நாலு காசு சேர்த்துக் குடும்பத்துக்கு அனுப்பத்தான். ஒரு கை போனால் அந்த மணியார்டரும் நின்றுபோகும். நம் சங்கங்களில் உள்ள படித்தவர்கள் பயிற்சிக்கு மனு எழுதித் தந்து உதவலாம்.

அடுத்த புயல் வந்த பிறகு ஆளைத் தேடி ஓடுவதைவிட, வருவதற்குமுன் ஆளைத் தயார் செய்வதே அறிவுடைமை. மாநகராட்சியும் மாநில அரசும் உடனே ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்.