லோ விசில்: பிளாஸ்டிக்னா இளக்காரமா?

"லோ விசில்னா அலுமினியம்தான். பிளாஸ்டிக் எல்லாம் திருவிழாக் கடை பீப்பி"ன்னு சொல்றவங்க நிறைய பேர். எனக்கு இதுல துளியும் உடன்பாடு இல்லீங்க.

தெரியாதவங்களுக்காக: ஐரிஷ் நாட்டுப்புற இசையில வாசிக்கிற டின் விசிலோட பெரியண்ணன் இது. அதே ஆறு துளை, ஒரு ஸ்தாயி கீழே. இதோட பிறப்புல நம்ம நாட்டு மூங்கிலுக்கும் பங்கு உண்டு. ஃபின்பார் ஃப்யூரிங்கற ஐரிஷ் கலைஞரோட இந்திய மூங்கில் குழல் உடைஞ்சுபோச்சு. அவருக்காக 1971-ல இங்கிலாந்தின் பெர்னார்ட் ஓவர்ட்டன் அலுமினியத்துல ஒண்ணு செஞ்சு கொடுத்தார். ஆக, அலுமினியமே மூங்கிலுக்கு வந்த மாற்று ஆள்தான் :-)

உண்மையான சிக்கல் விரல்ல இருக்கு. பள்ளிக்கூட இயற்பியல்ல வந்த திறந்த ஆர்கன் குழாய் ஞாபகம் இருக்கா? லோ டி விசிலோட அடி ஸ்வரம் சுமார் 294 ஹெர்ட்ஸ். அரை அலைநீளம் போட்டுப் பாத்தா கிட்டத்தட்ட 58 செ.மீ. தங்கத்துல செஞ்சாலும் இந்த நீளம் குறையாது. துளைகள் அவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கும். விரல் நுனியால மூடறது கஷ்டம். விரலை மடக்காம நீட்டி, நடுக்கணுப் பகுதியால மூடணும். 'பைப்பர்ஸ் கிரிப்'னு பேரு. சிலருக்கு சட்டுன்னு வரும், சிலருக்கு மாசக்கணக்கா இழுக்கும், சிலர் பாதியில விட்டுடுவாங்க. நீங்க எந்த ரகம்னு கையில பிடிச்சுப் பாத்தாத்தான் தெரியும். அதுக்கு எதுக்கு கையால கடைஞ்ச உலோக விசில்ல காசைக் கொட்டணும்?

"அப்ப சின்னதா லோ எஃப் வாங்கிக்கிறேனே?" விரல் எட்டும், சரி. ஆனா ஐரிஷ்காரங்க கூடி வாசிக்கிற மெட்டுகள்ல பெரும்பாலானது டி, ஜி ஸ்கேல்தான். எஃப் விசிலோட போனா ஓரமா உக்காந்து கேக்க வேண்டியதுதான்.

பிளாஸ்டிக்ல இன்னொரு வசதி. உலோகம் சில்லுன்னு இருந்தா மூச்சுக்காத்து உள்ளே தண்ணியாகி காத்துவழியை அடைச்சுக்கும். பிளாஸ்டிக்ல அந்தத் தொல்லை கம்மி. குறை? வெயில்ல நிக்கிற கார்ல விட்டீங்கன்னா கோணிக்கும். நல்ல அலுமினிய விசில்ல வர்ற அந்தக் கரகரப்பும் கொஞ்சம் குறைச்சல்தான், ஒத்துக்கிறேன்.

டிக்சன், சுசாட்டோ ரெண்டும் பிளாஸ்டிக்ல செய்றாங்க. என் ஓட்டு டிக்சனுக்கு. தலைப்பகுதியை இழுத்து சுருதி சேர்க்கிற மாடலா பாத்து வாங்குங்க.

வந்ததும் உடனே பாட்டுக்குப் போகாதீங்க. ஆறு துளையையும் மூடி, மெதுவா ஊதி, அடி ஸ்வரம் பிசிறில்லாம வருதான்னு பாருங்க. பக்கத்து வீட்டுக்காரர் "கப்பல் ஏதும் வந்துடுச்சா"ன்னு கேட்டா நான் பொறுப்பில்ல!