சாம்பல் குட்டையில் நாணற்காடு

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், நியூபோர்ட் நகரை அடுத்து ஓர் ஈரநிலப் பறவைச் சரணாலயம் உண்டு. பறவை பார்க்கச் செல்வோர் அங்கே ஆளுயர நாணல்களுக்கு நடுவே நடக்கிறார்கள். அப்பால் செவர்ன் கழிமுகம். அந்த நாணல் வளர்வது எதன்மேல் தெரியுமா? அஸ்க்மவுத் அனல் மின் நிலையம் நிலக்கரிச் சாம்பலைக் கொட்டிய குட்டைகளின்மேல்! மீசை வைத்தாற்போன்ற முகமுடைய சின்னஞ்சிறு நாணற்பறவை இன்று அங்கே கூடு கட்டுகிறது. கேட்கவே இனிக்கிறதல்லவா?

ஆயினும் இச்சரணாலயம் பிறந்த கதை அவ்வளவு இனிப்பானதன்று. கார்டிஃப் விரிகுடாவில் 1999-இல் அணையை மூடி, அலை வந்து போன சேற்றுநிலத்தை நன்னீர் ஏரியாக்கினார்கள். சேற்றில் இரை தேடிய பறவைகள் இடமிழந்தன. அதற்கு ஈடாகவே 2000-இல் இது திறக்கப்பட்டது.

ஈடு யாருக்குக் கிடைத்தது? பவளக்காலி உள்ளானுக்கு வேண்டியது சேறு. கொடுத்ததோ பெரும்பாலும் நாணலும் ஈரப் புல்வெளியும். ஒருவர் வீட்டை இடித்துவிட்டு மற்றொருவருக்கு வீடு கட்டித் தருவதா? காலில் வளையமிட்டு ஆராய்ந்தவர்கள், இடம்பெயர்ந்த பவளக்காலிகள் முதற் குளிர்காலத்திலேயே மெலிந்தன என்று கண்டார்கள். ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பிழைத்த நிலை மாறி 78 ஆயிற்று.

சாம்பலைப் பசுமையாக்கிய உழைப்பை நாங்கள் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அதை ‘ஈடு’ என்று கணக்கில் எழுதுவதைப் பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் ஏற்கவில்லை. முதலில் மாற்றுச் சேற்றுநிலத்தை அமைக்கட்டும்; அதில் பறவை வந்து இரை தின்பதைக் கண்ணால் பார்க்கட்டும்; பிறகு அணையின் கதவை மூடுவதைப் பற்றிப் பேசட்டும்.