மிகை எது, மோடி எது? சிவாஜி கணேசனின் நடிப்பும் வாவிக்கரையின் அளவுகோலும்

தமிழ்த் திரைப்படத்தைப் பற்றிப் பேசப் புகும் கற்றோர் பலரிடம் ஒரு தீர்ப்பு எப்பொழுதும் ஆயத்தமாக இருக்கிறது. சிவாஜி கணேசன் மிகை நடிப்பாளர் என்பது அத்தீர்ப்பு. எந்தப் படம், எவ்வகைக் கதை, எந்தக் காட்சி என்ற வினாக்கள் எழுமுன்னரே அது வழங்கப்பட்டுவிடுகிறது. 1952இல் ‘பராசக்தி’யிற் தொடங்கி ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் நீண்டதொரு கலை வாழ்வை ஒரே சொல்லில் அடக்கிவிடும் துணிவு வேறெந்தக் கலைஞர் விடயத்திலும் நம்மவர்க்கு வருவதில்லை.

இத்தீர்ப்பு பிறவிடங்களில் வழங்குவதில் வியப்பில்லை. மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த கல்விப்புலத்திலும் அது வழங்குவதே வியப்புக்குரியது. எழுவான்கரையும் படுவான்கரையும் கூத்தினாற் பெயர்பெற்றவை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிற் கூத்தைப் புதிதாக மேடையேற்ற முனைந்தபோது மட்டக்களப்பு மரபிலேயே ஊன்றி நின்றார். 1962இல் அரங்கேறிய ‘கர்ணன் போர்’ அம்முயற்சியின் முதற் பெருவிளைவு. அவர் வழிவந்த சி. மௌனகுரு போன்றோரின் பணியாற் கூத்து இன்று பல்கலைக்கழகப் பாடமாகவும் விளங்குகிறது. முடியும் கரப்புடையும், ஓங்கிய குரலும், அடிபெயர்க்குந்தோறும் அதிரும் சதங்கையும் ‘செம்மைப்படுத்தப்பட்ட மரபு’ என அங்கு விதந்துரைக்கப்படுகின்றன. அதே பண்புகள் திரையிலே தோன்றினால் மட்டும் அவை குற்றமாகிவிடுகின்றன. களரிக்கு ஒரு நீதி, திரைக்கு ஒரு நீதி என்பதற்கு நியாயம் என்ன?

வாவிக்கரைக் கூத்து மரபு விமர்சனத்திற்கு வழங்கியுள்ள அரிய சொல் ஒன்று உண்டு. ‘மோடி’ என்பதே அது. வடமோடி பெரும்பாலும் இதிகாசப் போர்க்கதைகளைத் தழுவுவது; வீரம் மேலோங்கியது. தென்மோடி பெரும்பாலும் காதலும் கற்பனையும் கலந்த கதைகளைத் தழுவுவது. இரண்டிற்கும் ஆட்டம் வேறு, பாடல்முறை வேறு, உடை வேறு. வடமோடியைப் பார்க்க அமர்ந்த கிராமத்தார் அதில் தென்மோடியின் குழைவு இல்லையென்று குறை கூறுவதில்லை. வீமனின் வரவிலே வீட்டு முற்றத்துப் பேச்சை எதிர்பார்ப்பதுமில்லை. எடுத்துக்கொண்ட மோடிக்கு ஆட்டக்காரன் நேர்மையாக நின்றானா என்பதே அவர்களது முதல் வினா. எழுத்தறியாத பார்வையாளனும் கைக்கொண்ட இவ்வறிவைக் கற்றறிந்த விமர்சகர் கைவிட்டமையே இங்குள்ள குறை.

இவ்வளவுகோலைக் கணேசனின் படங்களுக்குப் பொருத்திப் பார்த்தால் உண்மை புலப்படும். 1959இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்தது. ஜாக்சன் துரைக்கு எதிரே நிமிர்ந்து நிற்கும் கட்டபொம்மனின் குரல் வடமோடிக் குரல். ஆபிரிக்க-ஆசியத் திரைப்பட விழா 1960இல் கெய்ரோவில் அவரைச் சிறந்த நடிகராகத் தெரிந்தபோது தமிழ் அறியாத நடுவர்களுக்கும் அம்மோடி விளங்கியிருந்தது. 1964இன் ‘கர்ணன்’ பாரதக் கதை. அதன் நாயகன் அலுவலக எழுதுவினைஞனைப் போல நடந்து வரவேண்டும் என்று எவரும் கூறார்.

இனி மறுபக்கத்தை நோக்குக. 1954இல் எஸ். பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ பாடலே இல்லாத படம். அதிலே நாட்டைக் காட்டிக்கொடுக்கும் வானொலிப் பொறியியலாளன் ராஜனாக வரும் கணேசன் அடங்கிய குரலும் அளந்த அசைவுமாக இயங்குகிறார். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்திலே நாகசுர ஒலி எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது; கன்னம் புடைப்பதும் மூச்சு இழுபடுவதும் விரல் ஓடுவதும் நடிகருடையவை. ஒரு வித்துவானின் கர்வம் முழுவதையும் உடலாற் சொல்லும் அந்நடிப்பு ஒருவகைத் தென்மோடி. அதே ஆண்டின் ‘கலாட்டா கல்யாணம்’ நகைச்சுவைப் படம். அங்கு வேகமும் குறும்புமே அவரது கருவிகள். 1985இல் பாரதிராஜாவின் ‘முதல் மரியாதை’யில் அவர் ஏற்ற கிராமத்துப் பெரியவர், பேசாத இடங்களிலேயே அதிகம் பேசுகிறார். துப்பறி கதை, வரலாறு, இதிகாசம், இசைக்கதை, நகைச்சுவை, முதுமைக் காதல் என்ற ஆறு வகையிலும் ஒரே உடல் ஆறு வேறு இலக்கணங்களுக்கு அமைந்து நிற்கிறது. இதனை ‘மிகை’ என்ற ஒரு சொல்லால் மூடுவது விமர்சனமாகாது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. களரியில் ஆட்டக்காரனுக்கும் பார்வையாளனுக்கும் இடையே தொலைவு இருக்கிறது. கமராவோ முகத்தின் அருகே வந்துவிடுகிறது. ஆதலாற் களரியின் இலக்கணம் திரைக்கு ஒவ்வாது என்பர். தொலைவு பற்றிய இக்கூற்று மெய்யே. ஆயினும் கமராவின் அண்மையை அறியாத நடிகர் ‘அந்த நாள்’ படத்தை அவ்வாறு நடித்திருக்க முடியாது. திரைக்கு வந்து இரண்டே ஆண்டுகளில் அவ்வடக்கத்தைக் காட்டியவர் ஐந்தாண்டின் பின் கட்டபொம்மனில் ஓங்கிப் பேசினாரெனில் அது அறியாமையன்று, தெரிவு. அத்தெரிவு அவருடையது மாத்திரமுமன்று. நீண்ட உரையாடலும் சிம்மாசனமும் சபையும் அமைத்து அக்காட்சியைக் களரியாகவே ஆக்கியவர்கள் இயக்குநரும் உரையாடலாசிரியருமாவர்.

‘இயல்பு நடிப்பு ஒன்றே உயர்ந்தது’ என்ற கொள்கை எங்கிருந்து வந்தது என்பதும் ஆராயத்தக்கது. இலங்கையில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் ‘ரேகாவ’ படத்தையும் 1963இல் ‘கம்பெரலிய’ படத்தையும் தந்தார். அவை மெய்யாகவே பெரும் ஆக்கங்கள். பின்னையது புதுடில்லித் திரைப்பட விழாவிலே தங்க மயில் விருது பெற்றது. அவற்றைக் கொண்டாடியதில் தவறில்லை. அவற்றின் மோடியையே எல்லா மோடிகளுக்கும் விதியாக்கியதே தவறு. ஐரோப்பா கூட இவ்விதியை முழுமையாக ஏற்றதில்லை. 1935இல் மொஸ்கோவிலே சீன நடிகர் மெய் லான்ஃபாங்கின் ஆற்றுகையைக் கண்ட பிரெக்ட், இயல்பைப் போலி செய்யாத அந்நடிப்பிலிருந்தே தமது அரங்கக் கொள்கைக்கு உரம் பெற்றார். பிரெக்டை வகுப்பிலே விரிவாகப் படிப்பிப்போர் அவர் சீனத்திற் கண்டதைத் தம் வாவிக்கரையிலும் தமிழ்த் திரையிலும் காண மறுப்பது வேடிக்கை.

கணேசனைப் போற்றுவோரும் இவ்வழக்கில் முற்றாகக் குற்றமற்றவரல்லர். ‘நவராத்திரி’ (1964) அவரது நூறாவது படம் என்றும் அதில் அவர் ஒன்பது வேடம் தாங்கினார் என்றும் கணக்குக் கூறுவதோடு அவர்களது இரசனை நின்றுவிடுகிறது. வேடத்தின் தொகையே பெருமையெனில் 2008இல் ‘தசாவதாரம்’ படத்திற் பத்து வேடம் ஏற்ற கமல்ஹாசன் ஒன்றினால் விஞ்சினார் என்று முடித்துவிடலாம். ஒப்பனையை எண்ணுவது இரசனையாகாது. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென்றார். பின்னோர் சாந்தத்தையும் சேர்த்துச் சுவை ஒன்பதென்றனர். ‘நவராத்திரி’யின் ஒன்பது பாத்திரங்களும் அவ்வொன்பதையும் குறித்து நிற்பவை. அவற்றுள் ஒருவன் கூத்தாடி. சத்தியவான் சாவித்திரி கதையைத் தெருக்கூத்தாக ஆடுபவன். ஏனைய பாத்திரங்களுக்கு ஒரு நடையும் கூத்தாடிக்கு வேறு நடையுமாக, ஒரே படத்தினுள்ளே மோடி மாறுவதை அங்கு காணலாம். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1926இல் வெளியிட்ட ‘மதங்க சூளாமணி’யிலே சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து நோக்கினார். அவ்வழியைப் பின்பற்றி ஒரு தமிழ் நடிகரை மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு ஆராய்வோர் அருகியமை வருந்தத்தக்கது.

மோடி என்ற அளவுகோல் எவரையும் காப்பாற்றுவதற்கான கவசமுமன்று. நாளாந்தக் குடும்ப வாழ்வைக் கூறவந்த கதையில் அரசசபைக் குரல் எழுந்தால் அது மோடிப் பிறழ்வு. கணேசனின் பிற்காலப் படங்கள் பலவற்றில் அப்பிறழ்வு உண்டு. அவரது குரலையே நம்பிப் பலவீனமான கதைகள் பின்னப்பட்டமையும் உண்டு. அவற்றைத் தயங்காது கண்டிக்கலாம். ஆனால் அக்கண்டனம் காட்சிக்குக் காட்சி காரணம் காட்டி எழவேண்டும்.

இவ்வழக்கு ஒரு நடிகரின் புகழோடு நின்றுவிடுவதாயின் இவ்வளவு உரைக்க வேண்டியதில்லை. 2001இல் மறைந்த அக்கலைஞருக்கு எவர் சான்றிதழும் இனித் தேவையில்லை. ஆனால் வாவிக்கரைக் கிராமமொன்றிலிருந்து வந்தாறுமூலைக்கு வரும் மாணவன், தன் தந்தையும் ஊர் அண்ணாவியாரும் கண்ணீர் மல்கப் பார்த்த படத்தைப் பற்றி வகுப்பிலே வாய்திறக்கக் கூசுகிறான். அவர்களது இரசனை தாழ்ந்தது என்று அவனுக்குச் சொல்லாமற் சொல்லப்படுகிறது. நாளை அதே அளவுகோல் கூத்தின்மீதும் விழும். விடியும்வரை ஆடுவது நீளம், உரத்துப் பாடுவது இரைச்சல், முடியும் புயமும் ஆடம்பரம் என்று ஒவ்வொன்றாக வெட்டப்பட்டால், எஞ்சுவது விழா மேடைக்குரிய அரைமணி நேரக் காட்சிப்பொருளே.

ஆகவே, மிகை என்று தீர்ப்பளிப்போர் எந்த மோடிக்கு எது மிகை என்பதை முதலிற் கூறக் கடமைப்பட்டவர்கள். களரியோரத்தில் மணலில் அமர்ந்திருந்த பார்வையாளன் மத்தளத்தின் முதல் அடியிலேயே அக்கடமையை நிறைவேற்றிவிடுகிறான். பல்கலைக்கழகம் அவனிடமிருந்து கற்றுக்கொள்வதில் இழுக்கொன்றுமில்லை.