கழகமில்லாத சூது

சென்ற மாதம் நாலைந்து பேர் கூடியிருந்தபோது நண்பர் ஒருவர் சொன்னார்: "சீட்டு சீட்டுதான். பாயில் ஆடினால் என்ன, ஃபோனில் ஆடினால் என்ன? கடை மாறினால் சரக்கு மாறிவிடுமா?" சொன்னவர், கவிதையில் உருவம் வேறு உள்ளடக்கம் வேறு அல்ல என்று இருபது வருஷமாகச் சண்டை போட்டு வருகிறவர். ஒரு வரியை இரண்டாக உடைத்தால் கவிதையே வேறாகிவிடும் என்பவர். சீட்டு விஷயத்தில் மட்டும் அவருக்கு உருவம் வெறும் உறையாகிவிட்டது. அன்று நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

நண்பர் தனியாக இல்லை. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதை எறிவது என்று தீர்மானிக்க வேண்டும் என்பது காரணம். அந்த வழக்கு ஸெகந்தராபாத்தில் மனிதர்கள் கூடி உட்கார்ந்து ஆடிய ஒரு கிளப்பைப் பற்றியது. 2022இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டம் ஆன்லைன் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று பட்டியலில் சேர்த்தது. 2023 நவம்பர் 9ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை ரத்து செய்தது. நேரில் ஆடுவதும் ஆன்லைனில் ஆடுவதும் வேறுவேறு என்பதை அரசு நிரூபிக்கவில்லை என்றது. சட்டப்படி சரியாகவே இருக்கலாம். அரசு தன் வேலையைச் செய்யவில்லை, அவ்வளவுதான். ஆனால் இரு தரப்பும் கட்டிப் புரண்ட கேள்வி ஒன்றே: திறமையா, அதிர்ஷ்டமா? கேள்வியே பிசகு என்கிறேன்.

குறளில் சூது அதிகாரத்தைப் புரட்டினால் 'கழகம்' என்ற சொல் வரும். பொருள், சூதாடும் இடம். (இன்று அந்தச் சொல் எங்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறது என்பது வேறு கட்டுரை.) காயையும் இடத்தையும் கைத்திறனையும் வள்ளுவர் ஒரே மூச்சில் எண்ணுகிறார். நீதிமன்றம் கையை மட்டும் எடுத்துக்கொண்டது. இடம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

ஆரணியில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தறிக்குழியில் தண்ணீர் ஊறும். பாவு நமத்துவிடும். நாடா ஓடாது. எங்கள் தெருவில் அப்போதுதான் சீட்டு. ஒரு பாய், ஆறு பேர், ஓரம் தேய்ந்த இரண்டு கட்டு. ஒருவன் கலைக்க வேண்டும், பக்கத்திலிருப்பவன் வெட்ட வேண்டும், பதின்மூன்று பதின்மூன்றாகப் போட வேண்டும். நடுவில் டீ வரும். பீடிக்கு ஒருவன் எழுந்து போனால் அவன் வரும்வரை ஆட்டம் நிற்கும். மணிக்கு எத்தனை ஆட்டம் நடந்துவிடும்? தோற்ற பணம் நாலு வீடு தள்ளி இருக்கும். ஜெயித்தவனுக்குத் தோற்றவனின் வாரக் கூலி என்ன என்று தெரியும். ஒரு மழை நாளில், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை மடியில் முடிந்துகொண்டு ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஜெயித்துக்கொண்டிருந்த பையன்தான் சொன்னான்: "உங்களுக்கு இன்னிக்குச் சீட்டு இல்லண்ணா. வீட்டுக்குப் போங்க."

இதைப் புனிதப்படுத்தவில்லை. மூலை மடித்த சீட்டும் கண்ஜாடையும் அங்கே உண்டு. போலீஸ் வந்தால் சுவரேறிக் குதித்தவர்கள் உண்டு. தீபாவளிச் செலவுக்கு வைத்த கூலி பாயிலேயே போன வீடுகளை எனக்குத் தெரியும். விதுரன் சொல்லியும் தருமன் எழுந்திருக்கவில்லை. ஆனால் சபை இருந்தது, சொல்ல ஒரு விதுரன் இருந்தான்.

ஃபோனில்? கைச்சீட்டு போடும் போக்கர் மேஜையில் மணிக்கு இருபத்தைந்து முப்பது ஆட்டம். திரையில் ஒரே மேஜையில் அறுபதைத் தாண்டும், ஒரே சமயத்தில் நாலு மேஜை திறந்துகொள்ளலாம். மேஜையில் சில்லு குறைவதைக் கண் பார்க்கிறது, கை உணர்கிறது. திரையில் ஓர் எண் மாறுகிறது. நேர்மேஜையின் திறமையில் பாதி எதிராளியின் முகத்தைப் படிப்பது. அந்தப் பாதி இங்கே இல்லை. எதிராளி மனிதன்தான் என்பதற்கும் நிறுவனத்தின் வாக்குதான் சாட்சி. 2017இல் அமெரிக்காவில் லிப்ராடஸ் என்ற நிரல் நான்கு தொழில்முறைப் போக்கர்காரர்களோடு இருபது நாளில் 1,20,000 ஆட்டம் ஆடி ஜெயித்தது. திறமை என்ற வாதத்தை இதற்குப் பிறகும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் யாருடைய திறமை என்று சொல்லட்டும்.

எங்கள் தெரு நெசவாளி ஒருவர் குழியில் காலைத் தொங்கவிட்டபடியே, ஊடை மாற்றும் இடைவெளிகளில் ரம்மி ஆடினார். கோர்வைக்கு நாடா தள்ள மனைவி பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில். அவருக்குத் தெரியாது. முதலாளியிடம் இரண்டாம் முறை முன்பணம் கேட்டபோதுதான் தெரிந்தது. யாரிடம் தோற்றீர்கள் என்று கேட்டேன். ஒரு பூவின் பெயரும் நாலு எண்களும் சொன்னார்.

2025இல் மாநில விதி, நள்ளிரவிலிருந்து ஐந்து மணிவரை உள்ளே வரக்கூடாது என்றது. உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. அந்தப் பையன் பாயில் சொன்னதைக் கெஸட்டில் அச்சடித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அதே ஆகஸ்டில் மத்திய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்றது. திறமை என்ற வார்த்தையைத் தாண்டிப் போக அரசாங்கத்துக்கே ஐம்பத்தெட்டு வருஷம் ஆகியிருக்கிறது. நம் விமர்சகர்கள் இன்னும் தாண்டவில்லை. சூது என்றதும் தஸ்தயெவ்ஸ்கி என்கிறார்கள். 1866இல் அவர் எழுதியது ஜன நெரிசலுள்ள கூடங்களைப் பற்றி. முதுகுக்குப் பின்னால் நின்று பார்க்கும் கூட்டம் இல்லாவிட்டால் அந்த நாவலே இல்லை.

நண்பர் பதில் எழுதுவார் என்று தெரியும். எழுதுமுன் ஒரு கார்த்திகையில் ஆரணிக்கு வரட்டும். பாய் போடச் சொல்கிறேன். காசு வைக்காமல்.