வீட்டைப் பார்த்தால் மட்டும் போதாது

நூதனசாலை என்றதும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பழம்பொருட்களே எமது நினைவுக்கு வரும். சுவீடனின் தலைநகரான ஸ்டொக்ஹோமில் உள்ள ஸ்கான்சன் அப்படியானதன்று. 1891ஆம் ஆண்டு ஆர்தூர் ஹசேலியஸ் என்பவர் அதனைத் தொடங்கினார். கமக்காரக் குடும்பங்கள் நகரங்களுக்கும் அமெரிக்காவுக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. கிராம வாழ்வு அழிந்துவிடும் என்று கண்ட அவர், நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மரவீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து, ஒரு குன்றின்மேல் மீண்டும் நிறுத்தினார். இன்று அங்கே சுமார் 150 கட்டடங்கள் உள்ளன.

பிள்ளைகளுடன் ஒருநாள் பயணமாக அங்கு போகும் குடும்பங்கள் வீடுகளை மட்டும் காண்பதில்லை. அக்கால உடையணிந்தவர்கள் அடுப்பு மூட்டுகிறார்கள், ரொட்டி சுடுகிறார்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு வேலை செய்தபடியே பதில் சொல்கிறார்கள். புத்தகம் தராத கல்வி இது.

ஆயினும் அழகான வீடு முழு உண்மையையும் சொல்லிவிடாது. ஸ்கான்சனில் ஸ்கோகஹோல்ம் என்னும் பெரிய பண்ணை மாளிகை உண்டு. பண்ணைக் கூலிகள் குடியிருந்த வரிசை வீடும் உண்டு. இக்கூலிகளுக்குச் சம்பளத்தின் பெரும்பகுதி தானியமாகவும் பாலாகவுமே கிடைத்தது. அந்த முறை 1945இல்தான் ஒழிந்தது. மாளிகையைப் பார்த்துவிட்டு வரிசை வீட்டைப் பாராமல் திரும்புகிற குடும்பம் பாதி வரலாற்றையே காண்கிறது. 1860களின் இறுதியில் வந்த பஞ்சமும் பலரைக் கப்பலேற்றியது. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்பதே எமது கருத்து.

வீடு வாசலை விட்டுவந்த வாசகர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஹசேலியஸ் வீடுகளைக் கொண்டுவந்தார்; வயலையும் அயலவரையும் அவரால் கொண்டுவர முடியவில்லை. அவை மனிதரின் நினைவிலேயே வாழும். உங்கள் குடும்பத்து முதியவர்களிடம் பிள்ளைகளை இருத்துங்கள். எந்த மாதத்தில் விதைத்தோம், குளத்து நீரை எப்படிப் பங்கிட்டோம், கடகம் எப்படி இழைப்பது என்று அவர்கள் செய்துகாட்டட்டும். காணியில்லாதவர் யாருடைய வயலில் என்ன கூலிக்கு உழைத்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லட்டும். நல்லதை மட்டும் சொன்னால் அது கதை. பட்ட பாட்டையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு. முதியவர்கள் எம்மோடு இருக்கும்போதே கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வைப்போம்.