பெயிண்ட்டுக்கு லட்சம், பேரிங்குக்கு சுத்தியல்

நம்ம ஊர் பழைய கார் பிரியர்கள் மேல எனக்கு ஒரு கோவம். எழுதினா சில அண்ணன்மார் முகத்தைத் திருப்பிக்குவாங்க. பரவாயில்லைங்க.

மாமாகிட்ட ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கு. 1960கள்ல மெட்ராஸ்ல செஞ்ச வண்டி. இளக்காரமா பார்க்காதீங்க, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரே இந்த ஹெரால்டை அடிப்படையா வெச்சுப் பண்ணினதுதான். பெயிண்ட், குரோம், சீட்னு மாமா ஒண்ணரை லட்சம் இறைச்சார். முன்வீல் சத்தம் போட்டப்ப மட்டும், "வெளிய தெரியாத சாமானுக்கு எதுக்கு மாப்ள செலவு"ன்னு ஒரு பட்டறையில சுருக்கமா முடிச்சுட்டார்.

ஆறு மாசம் ஆகலை. வால்பாறையில இருந்து இறங்கறோம், பின்சீட்ல அத்தையும் தங்கச்சி பசங்களும். வலதுபக்கம் 'கொர்ர்ர்'. ஆழியார்ல நிறுத்தித் தொட்டுப் பார்த்தா இடது ஹப் வெதுவெதுப்பு, வலது ஹப் கை வெக்க முடியலை.

கழட்டினா உள்ள கூத்து. ரோலர் மட்டும் புதுசு, வெளி ரேஸ் பழசு! அதுலயும் உளித் தழும்பு. டேப்பர் ரோலர் பேரிங்ல ரெண்டும் ஜோடி. குழி விழுந்த ரேஸ் மேல புது ரோலரை ஓடவிட்டா அதுவும் சீக்கிரமே சொரசொரத்துப் போகும். 1937ல ஜி.டி. நாயுடு மோட்டார் செஞ்ச ஊர், கரிவர்தன் ரேஸ் கார் கட்டின ஊர்ங்க இது! இங்க எந்த மோட்டார் ரீவைண்டிங் கடையிலயும் புல்லர் இல்லாம பேரிங்கைத் தொடமாட்டாங்க. போர் மோட்டாருக்குக் குடுக்கற மரியாதை, புள்ளைகளை ஏத்திட்டுப் போற காருக்குக் கிடையாதா?

"வருஷத்துக்கு 200 கிலோமீட்டர்கூட ஓடறதில்லையே"ம்பாங்க. அட, அதுதான் வினையே! நின்ன இடத்துலயே நின்னா கிரீஸ் இறுகிப்போகும், ஈரம் இறங்கும், ரோலர் தொடற இடத்துல துரு அரிச்சுக் கோடு விழும்.

பார்க்கறது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்லை. முன்பக்கம் ஜாக்கி வெச்சுத் தூக்கி, ஸ்டாண்டு குடுத்து, வீலை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. நின்னுட்டா பேரிங். நிக்கலைன்னா ட்ரன்னியன், பால் ஜாயிண்ட் பக்கம் பாருங்க. (அந்த ட்ரன்னியனுக்கு ஊத்த வேண்டியது கியர் ஆயில். கிரீஸ் அடிக்கற புண்ணியவான்களுக்குத் தனிப் பதிவே போடணும்.) அப்புறம் காயில் ஸ்பிரிங் மேல கை வெச்சு வீலைச் சுத்துங்க, கரகரப்பு விரல்லயே தெரியும்.

மாத்தினா செட்டா மாத்துங்க. ரேஸை லேத் பட்டறையில பிரஸ்ல வெச்சு ஏத்தச் சொல்லுங்க. நட்டை இறுக்கிக் கட்டினா கெட்டி வேலைன்னு நினைக்காதீங்க, அங்குலத்துல ஆயிரத்துல சில பங்கு ஆட்டம் விட்டே ஆகணும். இல்லைன்னா காய்ஞ்சு நீலம் பூத்துடும். ஸ்பிளிட் பின் புதுசு போடுங்க, பழசை நிமித்தி மறுபடி சொருகறது அல்பத்தனம்.

இப்ப ரெண்டு பக்கமும் புது செட் போட்டாச்சு. பம்பர் குரோமுக்கு ஆனதுல பாதிகூட ஆகலை. மாமா கம்முனு இருக்கார். அடுத்து பின் ஹப். புல்லர் தேடிட்டிருக்கோம். "சுத்தியல்லயே நாலு தட்டு தட்டுனா வந்துருமுங்க"ன்னு இதுவரைக்கும் ரெண்டு பேர் சொல்லிட்டாங்க.